ஸ்க்ரூ இறுகிருச்சு, புஷ் பிடிக்கல: ஒரு ஐஸ் கம்பெனி மோட்டார் புல்லியோட கேஸ்

மண்டபம் பக்கத்துல ஒரு ஐஸ் கம்பெனி, பேரு வேணாம். அமோனியா கம்ப்ரஸரை ஓட்டுற மோட்டார் 40 ஹெச்பி, அதாவது 30 கிலோவாட், 1470 ஆர்பிஎம், 200 ஃப்ரேம், ஷாஃப்ட் 55 மி.மீ. அதுல நாலு பள்ளம் சி பெல்ட் புல்லி, புல்லியை ஷாஃப்ட்ல பிடிச்சு வச்சிருக்கது 3020 டேப்பர் லாக் புஷ், அதாவது ஷாஃப்ட்டுக்கும் புல்லித் துளைக்கும் நடுவுல ஸ்க்ரூ முறுக்கி ஆப்பு மாதிரி இறுக்குற, வெளிப்பக்கம் சரிவா (டேப்பரா) குறுகுற இரும்பு வளையம். மீன்பிடித் தடைக்காலம் முடியுற சமயத்துல அடுத்தடுத்து ரெண்டு புல்லி போச்சு. மொதல்ல போட்டது ஷாஃப்ட்லயே வழுக்கி புஷ்ஷைத் தின்னுருச்சு, அடுத்து போட்ட புது புல்லி ஹப்புல, அதாவது புஷ் உக்கார்ற நடு உருளையில, விரிசல் விட்டு நின்னுருச்சு. ரெண்டையும் மாட்டுனவங்க "நல்லா டைட் வச்சுத்தாண்ணே விட்டோம்"னு சொன்னாங்க. அவங்க சொன்னதுல பொய்யே இல்ல, நெஜமாவே டைட் வச்சிருக்காங்க. அதனாலதான் இதை இவ்வளவு விலாவாரியா எழுதுறேன், டேப்பர் புஷ்ல ஸ்க்ரூ இறுகுறது வேற, புஷ் பிடிக்கிறது வேற, இந்த வித்தியாசம் புரியாம நம்ம கடற்கரை முழுக்க எத்தனையோ நல்ல மெக்கானிக்குங்க நஷ்டப்படுறாங்க.

நடந்ததை வரிசையா சொல்லிடுறேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்ப விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் ஓட்டமும் கம்மி. அதனால எல்லா ஐஸ் கம்பெனியும் அந்த ரெண்டு மாசத்துலதான் மராமத்து பாப்பாங்க. இங்கயும் மோட்டாரை இறக்கி ராம்நாட்டுக்கு பேரிங் மாத்த அனுப்புனாங்க, அது வர்றதுக்குள்ள புல்லியைக் கழட்டி துருவெல்லாம் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சு காய வச்சாங்க, பழைய கீ, அதாவது ஷாஃப்டும் புஷ்ஷும் சேர்ந்து சுத்த ரெண்டோட பள்ளத்துலயும் உக்கார்ற இரும்புக் கட்டை, ஓரம் மழுங்கிருந்ததால லேத் பட்டறையில புதுசா ஒண்ணு அடிச்சாங்க. ஜூன் மொத வாரத்துல மோட்டார் வந்து மாட்டி ஓட்டியாச்சு. படகு இறங்குற அன்னைக்கு ஐஸ் கட்டி ரெடியா இருக்கணும்ல, அதனால ராத்திரி பகலா ஓட்டம்.

கொஞ்ச நாள்ல சத்தம் வந்துச்சு. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு "டொக்", ஓடும்போது கம்ப்ரஸர் அடிக்கிற தாளத்துக்கே ஒரு மெல்லிய தட்டல். பேரிங்தான் சரியா போடலன்னு நெனச்சு அதை மாத்திக் குடுத்த வைண்டிங் கடைக்காரரோட சண்டை, அவரு நேர்ல வந்து புல்லி இல்லாம மோட்டாரை ஓட்டிக் காட்டி "என் வேலையில குறை இல்ல"ன்னு நிரூபிச்சுட்டுப் போனாரு, அது சரிதான். அப்பறம் பெல்ட் லூஸுன்னு சொல்லி இழுத்துக் கட்டுனாங்க, சத்தம் ஒரு நாள் அடங்கி மறுநாள் அதிகமாச்சு. புல்லிக்கு கீழ, மோட்டார் உக்காந்திருக்க ஸ்லைடு ரெயில் மேல செம்பழுப்புல மாவு மாதிரி பொடி கொட்டிக் கெடந்துருக்கு, ரெட் ஆக்சைடு பெயின்ட் உதிருதுன்னு அதைக் கூட்டித் தள்ளிட்டாங்க. அந்தப் பொடிதான் மொத சாட்சி. ரெண்டு இரும்பு இறுக்கமா ஒட்டிட்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முன்னப் பின்ன அசையும்போது உராய்ஞ்சு வர்ற துருப்பொடி அது. பிஸ்டன் கம்ப்ரஸர் ஒவ்வொரு அடிக்கும் பெல்ட்டை விட்டு விட்டு இழுக்கும், பிடி லூஸா இருந்தா அந்த இழுப்பு ஒவ்வொண்ணும் புஷ்ஷை உள்ளுக்குள்ள ஆட்டும். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுலயோ புஷ்ஷுக்கும் ஹப்புக்கும் நடுவுலயோ அந்தக் கலர்ல பொடி வந்தா, ஸ்க்ரூ எவ்வளவு டைட்டா இருந்தாலும் சரி, பிடி இல்லன்னு அர்த்தம்.

ஒரு ராத்திரி புல்லி மோட்டார் பக்கமா நகர்ந்து பெல்ட் ரெண்டு புரண்டு நின்னுருச்சு. அவசரத்துக்கு புது புல்லி புது புஷ் வாங்கி வந்து மாட்டுனாங்க, "போன தடவை டைட் பத்தல"ன்னு இந்தத் தடவை அலன் கீயில பைப்பைச் சொருகி ரெண்டு பேரு அமுக்கிருக்காங்க, துரு பிடிக்கக் கூடாதுன்னு புஷ் உள்ளேயும் வெளியேயும் கிரீஸ் அப்பிருக்காங்க. ஓடிட்டு இருக்கும்போதே "பட்"டுனு ஹப் விட்டுருச்சு. அதுக்கப்பறம்தான் எனக்கு போன் வந்துச்சு. விசைப்படகுக்கு திங்கள், புதன், சனின்னுதான் கடலுக்குப் போக டோக்கன், முந்தின ராத்திரியே ஐஸ் ஏத்தியாகணும், அந்த நேரத்துல முதலாளி வேற ஊர்ல இருந்து லாரி வச்சு ஐஸ் எடுத்துட்டு இருந்தாரு.

நல்ல வேளை, பழைய சாமான் எதையும் எடைக்குப் போடல. உடைஞ்ச சாமானை எப்பவும் ஒரு வாரமாவது வச்சிருங்க, அதுக்கு வாய் இல்லன்னாலும் எல்லாத்தையும் சொல்லும். மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஃபியூஸைப் பிடுங்கி பையில போட்டுக்கிட்டு, எல்லாத்தையும் ஒரு சாக்கு மேல பரப்பி வச்சுப் பாத்தேன்.

மொத புல்லியோட டேப்பர் துளைக்குள்ள ரெட் ஆக்சைடு. பிரஷ்ஷை உள்ளயும் ஓட்டிருக்காங்க, பாதி இடத்துல பெயின்ட் தோலா நிக்குது, மீதி இடத்துல அரைஞ்சு போய் துருப்பொடி. பெயின்ட் மேல புஷ் உக்காந்தா மாட்டுற அன்னைக்கு டைட்டாத்தான் இருக்கும், ஆனா சூடு ஏறி லோடு விழ விழ அந்த தோல் நசுங்கி ஒதுங்கிரும், ஒதுங்குன அளவுக்கு இறுக்கமும் போயிரும். முடியளவு தோல்தான், டேப்பருக்கு அது ரொம்ப அதிகம். இது ஆப்பு வேலைதானே, கோடாலிக் காம்புல அடிச்ச ஆப்பு மாதிரி, உள்ள போற தூரம் கொஞ்சம், அதுல பிறக்குற அழுத்தம் பெருசு, அந்தக் கொஞ்ச தூரம் பின்வாங்குனா எல்லாமே போச்சு.

ரெண்டாவது புல்லியில டேப்பர் பளபளன்னு கிரீஸோட இருந்துச்சு. விரிசல் ஸ்க்ரூ துளையில ஆரம்பிச்சு ஹப்போட வெளி ஓரம் வரைக்கும் ஓடிருக்கு. பக்கத்துலயே அவங்க உபயோகிச்ச 8 மி.மீ. அலன் கீ கெடந்துச்சு, அதோட கம்பியே முறுக்கிப் போய் திருகலா நிக்குது. இதைப் பாத்தா போதும், எவ்வளவு வச்சிருப்பாங்கன்னு தெரிஞ்சுரும்.

ஆனா எனக்கு உறுத்துனது கீ. புல்லி ரெண்டு, புஷ் ரெண்டு, கீ மட்டும் ரெண்டு தடவையும் அதே கீ. எடுத்து மேல் பக்கத்தைப் பாத்தா நீளத்துக்கும் ஒரு பளபளப்பு கோடு. டேப்பர் புஷ்ல கீ பக்கவாட்டுலதான் தொடணும், தலையில தொடவே கூடாது, அங்க மினுக்கம் இருக்குன்னா அது கூரையில இடிச்சிருக்குன்னு அர்த்தம். வெர்னியர் வச்சேன். 55 மி.மீ. ஷாஃப்டுக்கு கீ 16க்கு 10. ஷாஃப்ட்ல பள்ளம் 6 மி.மீ. ஆழம், புஷ்ல பள்ளம் 4.3, ரெண்டும் சேர்ந்து 10.3. 10 மி.மீ. உயர கீ போட்டா தலைக்கு மேல 0.3 இடைவெளி நிக்கும், அந்த இடைவெளி வேணும்னே வச்சது. இந்தக் கீ 10.6 இருந்துச்சு. பட்டறையில அகலத்தை 16க்கு அச்சா பிடிச்சு அடிச்சிருக்காங்க, உயரத்தை யாரும் கேக்கவும் இல்ல, அவங்க அளக்கவும் இல்ல.

ஆப்பரேட்டர் அண்ணன் கேட்டாரு, "0.3 கூட இருந்தா என்னப்பா, இன்னும் டைட்டாத்தான இருக்கும்?" எல்லாரும் நெனைக்கிறது இதைத்தான். புஷ்ல நீளவாக்குல ஒரு வெட்டு இருக்கும், ஸ்க்ரூவை முறுக்க முறுக்க புஷ் ஹப்போட டேப்பர்ல ஏறி, அந்த வெட்டு சுருங்கி, புஷ் சுத்திலும் ஷாஃப்டை அணைச்சுப் பிடிக்கணும். கீ தலையில முட்டிருச்சுன்னா புஷ் கீ மேல ஏறி நின்னுரும், ஷாஃப்டோட எதிர்ப்பக்கத்துல மட்டும் ஒட்டும், ரெண்டு விலாவுலயும் பிடி இருக்காது. அதுக்கு மேல புஷ் சுருங்க வழி இல்ல, ஆனா ஸ்க்ரூ கல்லு மாதிரி இறுகிரும், ஏன்னா அது இப்ப கீயை எதிர்த்து முறுக்குது. கைக்கு "டைட்"னு தெரியுறது கீயோட எதிர்ப்பு, புஷ்ஷோட பிடி இல்ல. அண்ணன் கீயை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "அப்ப ரெண்டு புல்லியும் இவன் முடிச்சதா"ன்னாரு.

முழுக்க கீ மட்டும் இல்ல. கீ உயரமா இருந்ததால ரெண்டு தடவையும் பிடி அரைகுறை. மொத தடவை அதோட பெயின்ட் சேர்ந்து வழுக்குச்சு. ரெண்டாவது தடவை பெயின்ட் இல்ல, ஆனா கிரீஸும் பைப்பும் சேர்ந்துச்சு. ஸ்க்ரூவை நீங்க முறுக்குற பலத்துல ஒரு நல்ல பங்கு டேப்பர்ல இருக்க உராய்வைத் தாண்டவே செலவாகும், புஷ் தயாரிக்கிறவங்க டார்க் கணக்கு, அதாவது எவ்வளவு முறுக்கணுங்கிற கணக்கு, போடுறதே டேப்பர் காய்ஞ்சு சுத்தமா இருக்குன்னு வச்சுத்தான். அங்க கிரீஸ் தடவுனா உராய்வு குறைஞ்சு அதே முறுக்குக்கு புஷ் இன்னும் ஆழமா ஏறும், ஹப்பை வெளிப்பக்கமா பிளக்கிற அழுத்தம் ரொம்ப கூடிரும். வார்ப்பிரும்பு அமுக்குனா மலை மாதிரி தாங்கும், இழுத்தா தாங்காது. அதுவும் கீ ஒரு பக்கம் தூக்கிப் பிடிச்சதால அழுத்தம் சுத்திலும் சமமா பரவவும் இல்ல, எங்க சதை கம்மியோ அங்க, அதாவது ஸ்க்ரூ துளை இருக்க இடத்துல பிளந்துருச்சு.

கிரீஸ் வச்சவங்க மேல எனக்கு கோவமே வரல. நம்ம ஊர்ல கிரீஸ் வைக்காத இரும்பு எது பிழைக்குது? ஒரு பக்கம் பாக் விரிகுடா, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கதவுத் தாழ்ப்பாள் கூட உப்பு பூத்து நிக்கும், ஐஸ் கம்பெனிக்குள்ள அதோட உப்புத் தண்ணி தொட்டி வேற. இங்க போல்ட்டு நட்டுல ஆரம்பிச்சு கதவுக் கீல் வரைக்கும் கிரீஸ்தான் மருந்துன்னு கை பழகிருச்சு, அந்தப் பழக்கம் தொண்ணூறு இடத்துல சரி. டேப்பர் புஷ் உள் முகமும் வெளி முகமும் ஷாஃப்டும் மட்டும் விதிவிலக்கு, அங்க ஒரு சொட்டு எண்ணெய் கூட ஆகாது. ஸ்க்ரூவோட மரைக்கும் நுனிக்கும் லேசா எண்ணெய் தொடலாம், தொடணும். கிரீஸை எங்க வைக்கணும்னு கீழ சொல்றேன்.

அப்பறம் டார்க். 3020 புஷ்ஷுக்கு ஸ்க்ரூ முறுக்கு 90 நியூட்டன் மீட்டர். சாதாரண 8 மி.மீ. அலன் கீயோட நீள கை சுமார் 10 சென்டிமீட்டர்தான். அதுல 90 வரணும்னா நுனியில 90 கிலோ எடைக்கு மேல தொங்கணும், மனுசன் கையால ஒரு 35 கிலோ அழுத்துனாலே பெரிய விஷயம், அப்ப கெடைக்கிறது 35 கூட இல்ல. மொத தடவை அப்படித்தான் மூணுல ஒரு பங்கு முறுக்குல "டைட்"னு விட்டுருக்காங்க. அரை மீட்டர் பைப் போட்டு 25 கிலோ அழுத்தினா 120 தாண்டிரும், ரெண்டு பேரு தொங்குனா கணக்கே இல்ல, அலன் கீயே முறுக்கிக்கும். வெறுங்கையில கம்மி, பைப்புல அதிகம், நடுவுல நிக்கிறதுக்கு டார்க் ரெஞ்சைத் தவிர வேற வழி கெடையாது, அனுபவத்துல கை சொல்லும்னு சொல்றவங்களை நான் இந்த விஷயத்துல நம்ப மாட்டேன். மத்த சைஸுக்கும் சொல்லிடுறேன், 1610க்கும் 1615க்கும் 20, 2012க்கு 30, 2517க்கு 50, 3525க்கும் 3535க்கும் 115. நம்பரோட அர்த்தம் தெரியாதவங்களுக்கு, 3020ல 30ங்கிறது அதிகபட்ச துளை 3 அங்குலம், 20ங்கிறது நீளம் 2 அங்குலம்.

மாட்டுனது எப்படின்னு சொல்றேன், வேலையே இதுலதான். ஷாஃப்ட்ல புஷ் வழுக்குன இடத்துல மேடு கெளம்பிருந்துச்சு, அதை மட்டும் மெல்லிசு அரத்துல தட்டி, நைஸ் உப்புத்தாள் போட்டு தேச்சேன். ஆழமா கோடு விழுந்திருந்தா ஷாஃப்டை மெட்டல் ஏத்திக் கடையணும், இங்க அந்த நெலமை இல்ல, லேசான தேய்மானத்தை சுருங்குற புஷ் ஏத்துக்கும். புது புல்லி துளையில கம்பெனி துருத்தடுப்பு எண்ணெய் பூசித்தான் அனுப்புவான், அதை அப்படியே மாட்டுறவங்க நெறைய பேரு. தின்னர் நனைச்ச பனியன் வேஸ்ட்ல துளை, புஷ் உள்ள, புஷ் வெளிய, ஷாஃப்ட் எல்லாத்தையும் துடைச்சு, துணியில கருப்பு வராத வரைக்கும் துடைச்சேன். புதுக் கீயை 10 மி.மீ.க்கு அடிக்கச் சொல்லி கூடவே நின்னு அளந்து வாங்குனேன். கீயை ஷாஃப்ட் பள்ளத்துல உக்கார வச்சு புஷ்ஷை மட்டும் மொதல்ல சொருகிப் பாக்கணும், கையாலயே வழுக்கிட்டுப் போகணும், கீ தலைக்கு மேல ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி பாக்குற மெல்லிசு தகடு, நுழையணும். இந்த ஒரு சோதனை மொத தடவையே நடந்திருந்தா கம்பெனிக்கு ரெண்டு புல்லி மிச்சம்.

துளைங்களைப் பத்தி கொஞ்சம். புஷ் ஓரத்துல மூணு அரை வட்டம் இருக்கும், ஹப் ஓரத்துலயும் மூணு, சேர்த்து வச்சா முழு வட்டம். அதுல ரெண்டு வட்டத்துல மரை ஹப் பக்கம், புஷ் பக்கம் வெறும் வழவழப்பு, இறுக்குற ஸ்க்ரூ ரெண்டும் அங்கதான். மூணாவதுல தலைகீழ், மரை புஷ் பக்கம், அது கழட்டுறதுக்கு. மாத்திப் போட்டா முறுக்க முறுக்க புஷ் வெளிய தள்ளும். ரெண்டு ஸ்க்ரூவையும் விரலால ஓட்டிட்டு, புல்லியை ஷாஃப்ட்ல ஏத்தி, நைலான் நூலைக் கட்டி ரெண்டு புல்லி முகத்துலயும் நாலு இடம் ஒண்ணா தொடுதான்னு பாத்து, அப்பறம் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி 90க்கு கொண்டு வந்தேன். ஒரே ஸ்க்ரூவை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா புஷ் கோணிரும்.

90ல டார்க் ரெஞ்ச் "கிளிக்"னு சொன்னதும் பெரும்பாலானவங்க நிறுத்திருவாங்க. அங்க நிறுத்தக் கூடாது. புஷ்ஷோட பருத்த முகத்துல ஒரு மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வச்சு சுத்தியலால சுத்திலும் நாலு தட்டு தட்டணும், நேரா புஷ் மேல அடிச்சா வெடிச்சிரும். தட்டிட்டு மறுபடி ரெஞ்ச் வச்சா ஸ்க்ரூ ஒரு கால் சுத்தோ அதுக்கும் கம்மியாவோ மறுபடி திரும்பும். ஆப்பரேட்டர் அண்ணனை விட்டே வைக்கச் சொன்னேன், அது திரும்புனதும் அவரு மூஞ்சியே மாறிருச்சு, "இப்பத்தான 90ன்னு சொல்லுச்சு!" ஸ்க்ரூ 90தான், புஷ் இன்னும் உக்காரல, அவ்வளவுதான். தட்டி, முறுக்கி, மறுபடி தட்டி, ஸ்க்ரூ அசையாத வரைக்கும் செஞ்சோம். டயல் கேஜ் வச்சு புல்லி ஓரத்தைச் சுத்திப் பாத்தா ஓட்டம் நேரா இருந்துச்சு.

பெல்ட்டை நடுவுல அமுக்குனா ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மி.மீ. இறங்குற அளவுக்கு இழுவை வச்சு லோடுல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு, நிறுத்தி ஃபியூஸைப் பிடுங்கி மறுபடி 90 வச்சேன், ஒரு ஸ்க்ரூ துளி திரும்புச்சு, இன்னொண்ணு அசையல. இதுக்கப்பறம்தான் கிரீஸ். காலியா இருக்க மூணாவது துளையிலயும் ஸ்க்ரூ தலைக் குழியிலயும் கிரீஸை நெறப்பி அடைச்சாச்சு, உப்பும் ஈரமும் உள்ள போகாது. புஷ்ஷுக்கும் ஷாஃப்டுக்கும் சேர்ற வெளி ஓரத்துல மேலாக பூசுனா போதும். புல்லிக்கு பெயின்ட் அடிக்கிற ஆசை இருந்தா அதையும் இப்ப வெளிப்புறத்துக்கு மட்டும் அடிச்சுக்கலாம்.

ஷாஃப்ட் முனை, புஷ், ஹப் மூணையும் தொட்டு வெள்ளைப் பெயின்ட்ல ஒரே நேர்கோடு போட்டு விட்டேன். கோடு எங்கயாவது ஒடிஞ்சு தெரிஞ்சா எது எது மேல நகர்ந்துச்சுன்னு பாத்ததுமே சொல்லிரலாம், ஒரு டார்ச் இருந்தா போதும். அடுத்த வாரம் போய்ப் பாத்தப்ப கோடு நேரா இருந்துச்சு, ரெயில் மேல செம்பொடி இல்ல, ரெஞ்ச் வச்சா ரெண்டு ஸ்க்ரூவும் அசையல. சீசன் முழுக்க அதே புல்லிதான் ஓடுது.

அடுத்த தடைக்காலத்துல இதைக் கழட்டும்போது புல்லி ஓரத்துல புல்லர் போட்டு இழுக்க வேணாம், பள்ளத்தோட விளிம்புதான் உடையும். துளையில இருக்க கிரீஸைத் தோண்டி எடுத்து ரெண்டு ஸ்க்ரூவையும் லூஸ் பண்ணி, ஒண்ணை முழுசா வெளிய எடுத்து எண்ணெய் தொட்டு அந்த மூணாவது துளையில போட்டு முறுக்கணும், புஷ் தானா விட்டுக் குடுக்கும். விடலன்னா முறுக்கத்தை அப்படியே வச்சுக்கிட்டு ஹப்பை கட்டை வச்சு லேசா தட்டுனா போதும். கழட்டுன கீயை அந்த புஷ்ஷோடவே கம்பி போட்டுக் கட்டி வையுங்க, தொலைஞ்சு போய் புதுசா அடிக்க வேண்டி வந்தா பட்டறைக்காரர்கிட்ட அகலம் 16, உயரம் 10னு ரெண்டையும் எழுதியே குடுங்க.